'நபர்' என்பவர் யார்? சிகிச்சைக் குழுவும் படர்க்கைப் பெயரும்

நபர்மையக் குழுக்களின் தொடக்கத்தைக் கார்ல் ரோஜர்ஸ் 1946-47ஆம் ஆண்டுகளில் காண்கிறார். போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்கு ஆலோசனை வழங்கவிருந்தோருக்குச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அப்போது குழுப்பயிற்சி அளிக்கப்பட்டது. ஒருங்கிணைப்பாளர் தம் அதிகாரத்தைத் துறந்தால் குழு தன் வழியைத் தானே கண்டடையும் என்று அவர் நம்பினார்.

ஆயினும், 1951இலும் 1961இலும் வெளிவந்த அவருடைய முதன்மை நூல்களில் பொதுவான 'நபர்' ஆங்கிலத்தின் ஆண்பால் படர்க்கைப் பெயராலேயே சுட்டப்பட்டார். பெண்ணியம் இவ்வழக்கைக் கேள்விக்குட்படுத்தியது. 1977இல், தனிமனித ஆற்றல் குறித்த நூலில், ரோஜர்ஸ் ஓர் இயலில் பெண்பாலும் அடுத்த இயலில் ஆண்பாலுமாக மாற்றி மாற்றி எழுதினார். தந்தையுடன் இணைந்து குழுக்களை நடத்திய மகள் நடாலி ரோஜர்ஸ், நடுவயதில் ஒரு பெண்ணாகத் தாம் கடந்த மாற்றங்களை 1980இல் நூலாக்கினார்.

தமிழில் 'அவர்' இருபாலுக்கும் பொது. இச்சிக்கல் நமக்கில்லை எனத் தோன்றலாம். ஆனால், சொல் பொதுவாக இருப்பதால் பேசும் வாய்ப்பும் பொதுவாகிவிடாது. வட்டமாக அமர்ந்த குழுவில் ஆண்கள் நெடுநேரம் பேச, தேற்றும் பொறுப்பு பெண்களிடமே சேரும்போது, ஒருங்கிணைப்பாளரின் மௌனம் வெளியுலக வழக்கத்திற்கு ஒப்புதலாகிறது. தாம் கவனித்ததை அவர் குழுவின் முன் வைக்கலாம். அது குழுவுக்குக் கட்டளையிடுவதாகாது. உணர்வதை மறையாதிருக்கும் ஒத்திசைவை ரோஜர்ஸே சிகிச்சையாளரிடம் எதிர்பார்த்தார். ஆகவே, பாலின விழிப்புணர்வு இம்முறையின் உள்ளிருந்தே எழும் கடமை. ஒருங்கிணைப்பாளர் பயிற்சியில் அதற்குத் தொடக்கத்திலேயே இடம் வேண்டும்.