57-க்கு 57: அம்பிளிக்கையில் நடந்த ஆய்வு

உலக மருத்துவ இதழ்களில் திண்டுக்கல் என்று தேடிப் பார்த்தால் பூட்டும் பிரியாணியும் வராது. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்தான் வரும். 2007 ஆகஸ்ட்டில் லான்செட் இதழில் வந்த ஒரு கட்டுரை அதற்கு முக்கியமான காரணம். நம்ம மாவட்டத்துக் கிராமங்களில், 30 முதல் 59 வயதுக்குட்பட்ட எண்பதாயிரம் பெண்களை வைத்து நடந்த ஆய்வு அது. களத்தில் நடத்தியது அம்பிளிக்கை கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய நல மையம். தொப்பம்பட்டி, கள்ளிமந்தையம் பக்கத்து ஆட்களுக்கு அந்த ஆஸ்பத்திரியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இந்த ஆய்வைப் பற்றி இங்கே பேசி நான் கேட்டதே இல்லை.

முதலில் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 1999-ல் பில் கேட்ஸ் அறக்கட்டளை 5 கோடி டாலர் கொடுத்து, கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்புக்காக ஐந்து சர்வதேச அமைப்புகளின் கூட்டணி ஒன்று உருவானது. ஏழை நாடுகளுக்கு ஏற்ற பரிசோதனை எது என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். (விண்டோஸ் லைசென்ஸ் விற்ற காசு ஒட்டன்சத்திரம் வரைக்கும் வந்தது என்று நினைத்தால், என் தொழில்காரனுக்குக் கொஞ்சம் சிரிப்பு வரத்தான் செய்யும்.) அந்த ஐந்தில் ஒன்று, பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் ஐஏஆர்சி, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு. அங்கே பணியாற்றிய டாக்டர் ஆர். சங்கரநாராயணன்தான் ஆய்வுக்குத் தலைமை. அதற்கு முன் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் இருந்தவர். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, கோவை பிஎஸ்ஜி மருத்துவக் கல்லூரி ஆகியவையும் சேர்ந்துகொண்டன.

சரி, உலகத்தில் எத்தனையோ ஏழை ஊர் இருக்க, அம்பிளிக்கைக்கு ஏன் வந்தார்கள்? என்னைக் கேட்டால், பதில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. 1990-களின் பிற்பாதியிலிருந்தே அங்கே புற்றுநோய்ப் பதிவேடு ஒன்று பராமரித்து வந்தார்கள். இந்தப் பகுதியில் யாருக்கு எந்தப் புற்றுநோய் வந்தது, யார் இறந்தார்கள் என்று தேடித்தேடி எழுதி வைக்கிற வேலை. பெருநகரங்களில் அப்படிப் பதிவேடு உண்டு, கிராமப்புறத்தில் அபூர்வம். அந்தப் பதிவேட்டில் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய். பரிசோதனை செய்வது எந்த ஊரிலும் முடியும். அதனால் சாவு குறைந்ததா என்று சொல்ல, சாவை எண்ணத் தெரிந்த ஊர் வேண்டும். நிதி பின்னாடி வந்தது, கணக்கு முன்னாடியே இருந்தது. கூட்டு ஆராய்ச்சி என்றாலே வெளிநாட்டிலிருந்து இங்கே ஏதோ இறங்குகிறது என்றுதான் நினைப்போம். இந்த விஷயத்தில் இங்கே இருந்த சொத்தைத் தேடித்தான் அவர்கள் வந்தார்கள்.

பரிசோதனை ரொம்ப எளிது. கர்ப்பப்பை வாயில் 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைத் தடவ வேண்டும். ஏறக்குறைய சமையலறை வினிகர்தான். ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால், மாறத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். வெறும் கண் போதும். லேபுக்கு அனுப்பி, ரிசல்ட்டுக்குக் காத்திருந்து, அந்த அம்மாவை மறுபடி வரவழைக்க வேண்டியதில்லை. கிராமத்தில் இந்த மறுபடி வருவதுதான் நடக்காத காரியம்; ஒரு நாள் கூலி போகும், வீட்டில் ஆயிரம் கேள்வி வரும். இதற்காகவே நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பார்ப்பது மட்டுமில்லை, உருப்பெருக்கியில் பார்த்து, சதைத் துணுக்கு எடுத்து, கோளாறான இடத்தை உறைய வைத்து அழிக்கும் கிரையோ சிகிச்சை வரைக்கும் நர்ஸ்களே செய்தார்கள். டாக்டர்கள் மட்டும் செய்துவந்த வேலை இது. ஆய்வின் மிகப் பெரிய துணிச்சல் இதுதான் என்பேன்.

இனி எண்கள். 114 ஊர்த் தொகுதிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 57-ல் பரிசோதனை. மற்ற 57-ல் இல்லை. வழக்கமாக என்ன மருத்துவ வசதி கிடைக்குமோ அதுதான். முதல் பிரிவில் 49,311 பெண்கள், இரண்டாவதில் 30,958 பெண்கள். 2000-லிருந்து 2003 வரை, முதல் பிரிவில் 31,343 பேர் பரிசோதனைக்கு வந்தார்கள். அது 63.6 சதவீதம். அவர்களில் 3,088 பேருக்கு வெள்ளைத் திட்டு தெரிந்தது. புற்றுநோய்க்கு முந்தைய நிலை 1,874 பேருக்கு உறுதியானது. அதில் 72 சதவீதம் பேர் சிகிச்சை எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு 2006 வரை கண்காணித்தார்கள். பரிசோதனை நடந்த ஊர்களில் 83 பேர் இந்த நோயால் இறந்தார்கள். நடக்காத ஊர்களில் 92 பேர். இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்ணாகத் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். முதல் பிரிவில் பெண்கள் அதிகம். எத்தனை பெண்களை எத்தனை ஆண்டு பார்த்தார்கள் என்று பெருக்கிக் கூட்டினால் முதல் பிரிவில் 2,74,430, இரண்டாவதில் 1,78,781. வகுத்துப் பாருங்கள்: லட்சத்துக்கு 30 சாவு, 51 சாவு. வயது முதலான வித்தியாசங்களைச் சரிசெய்த பிறகு, கட்டுரை சொல்லும் குறைவு 35 சதவீதம். நோய் வருவதே 25 சதவீதம் குறைந்திருந்தது. 30 முதல் 39 வயதுக்காரர்களிடம் சாவு 66 சதவீதம் குறைந்தது. ஆயுளில் ஒரே ஒரு தடவை செய்த பரிசோதனைக்கு இந்தப் பலன்.

இப்போது அந்த 92-க்கு வருவோம். கட்டுரையின் சுருக்கத்தில் அது அரை வரி. ஆனால் பரிசோதித்திருந்தால் அவர்களில் சிலர் பிழைத்திருப்பார்கள் என்பதுதானே அந்தக் கட்டுரையே நிரூபித்தது? இந்தக் கேள்வியை உரக்கக் கேட்டவர் அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் எரிக் சூபா. இதே மாதிரி மும்பையிலும் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்திலும் ஆய்வுகள் நடந்தன. மூன்றிலும் பரிசோதனை கிடைக்காத பிரிவில் 1,38,624 பெண்கள். அவர்களில் 254 பேர் இந்த நோயால் இறந்தார்கள் என்று 2014-ல் இந்திய மருத்துவ அறவியல் இதழில் அவர் எழுதினார். பாப் ஸ்மியர் என்ற பழைய பரிசோதனை பயன் தருவது பல பத்தாண்டுகளாகத் தெரியும்போது, சும்மா விட்டு ஒப்பிடுவது எதற்கு என்பது அவர் வாதம். இந்தியக் கிராமத்தில் வழக்கமான மருத்துவம் என்பதே பரிசோதனை இல்லாமைதான், நாங்கள் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை என்பது ஆய்வாளர்கள் பதில்.

மும்பை ஆய்வுக்கு அமெரிக்க அரசுப் பணம் வந்திருந்ததால், அந்நாட்டு ஆய்வுப் பாதுகாப்பு அலுவலகம் விசாரித்தது. பெண்களிடம் ஒப்புதல் வாங்கியபோது போதுமான விவரம் சொல்லவில்லை என்றது. திண்டுக்கல்லுக்கு வந்தது தனியார் அறக்கட்டளைப் பணம். அந்த விசாரணை இங்கே எட்டவில்லை. யார் பணம் கொடுக்கிறார்களோ, அதைப் பொறுத்துத்தான் கேள்வி கேட்கும் இடமும் அமைகிறது. எனக்கு இரண்டு பக்க வாதமும் புரிகிறது. ஒப்பீடு இல்லாமல் அந்த 35 சதவீதத்தை எந்த அரசும் நம்பியிருக்காது. ஆனாலும், வேறு பரிசோதனை ஒன்று இருக்கிறது, இன்ன இடத்தில் கிடைக்கும் என்று ஒரு பெண்ணுக்குத் தெளிவாகச் சொல்வதற்கு டாலர் தேவையில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கற்றது வீணாகவில்லை. சங்கரநாராயணனும் சக மருத்துவர்களும் எழுதிய பயிற்சிக் கையேடுகளை 2003-ல் ஐஏஆர்சி வெளியிட்டது. இன்றும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். உலக வங்கிக் கடனில் நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டம், இந்த முறையை முதலில் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் சோதித்துப் பார்த்தது. 2012 வாக்கில் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது.

அம்பிளிக்கையும் அதோடு நிற்கவில்லை. 2009-ல் ஹெச்பிவி தடுப்பூசி இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்க்க இந்தியாவில் ஒன்பது இடங்களில் ஆய்வு தொடங்கியது. அதில் அம்பிளிக்கையும் ஒன்று. 2010-ல் ஆந்திரத்திலும் குஜராத்திலும் நடந்த வேறொரு தடுப்பூசித் திட்டத்தில் சில சிறுமிகள் இறந்ததால் பெரிய சர்ச்சை எழுந்தது. அரசு எல்லா ஆய்வுகளிலும் ஊசி போடுவதை நிறுத்தியது. 17,729 பெண்கள் ஊசி போட்டிருந்த நிலையில் பாதியிலேயே நின்றது. அதில் 4,900-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே ஒரு தவணை. ஆராய்ச்சி பாழ் என்றுதான் தோன்றியிருக்கும். ஆனால் விடாமல் பத்து வருஷம் பின்தொடர்ந்து பார்த்ததில், ஒரு தவணை போட்டவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே பாதுகாப்பு இருந்தது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு தவணையும் போதும் என்று ஏற்றுக்கொண்டதற்கு இந்த இந்தியத் தரவும் ஒரு காரணம்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு தடவையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். இந்தியா முழுக்க 1.9. இருபது வருஷத்துக்கு முன்னால், ஒரு சின்ன ஊர் மையம் வீடுவீடாகப் போய்ப் பேசிக் கூட்டி வந்தது 63.6 சதவீதம் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது இலவசம்தான். சில நிமிஷ வேலை. வீட்டில் 30 வயது தாண்டிய பெண்கள் இருந்தால் இந்த வாரமே விசாரிக்கலாம்.