ட்ராம் நின்ற இடமும் பஸ் புறப்பட்ட இடமும்

நாவற்குடாவிலிருந்து கொழும்புக்குப் புறப்படும் ஒருவர் முதலிற் கல்முனை வீதியிலே பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டும். பஸ் கல்லடிப் பாலத்தைக் கடந்து நகருக்குள் நுழைகின்றது. ஆனால் பஸ் நிலையம் இருப்பது புளியந்தீவில். புகையிரத நிலையம் இருப்பதோ கோட்டைமுனைப் பக்கத்தில். இடையிலே வாவியும் ஒரு பாலமும். இரண்டு வருடங்களுக்கு முன், மழை பெய்த ஓர் இரவில், இந்த இடைவெளியிலேதான் நான் புகைவண்டியைத் தவறவிட்டேன். மறுநாட் பரீட்சைக்கு இருக்க வேண்டியவன், நிலையத்து வாங்கிலே பெட்டியைத் தலைக்கு வைத்துக்கொண்டு விடியும்வரை கிடந்தேன். ஒரு வண்டியையும் மறு வண்டியையும் சேர்த்து வைப்பது அத்தனை கடினமான காரியமா என்ற கேள்வி அன்றுதான் என் மனத்தில் எழுந்தது.

மிஷன் பாடசாலையில் நாம் படித்த சரித்திரத்திலே அரசர்களும் தேசாதிபதிகளும் வந்தார்கள். ஒரு வண்டியால் இறங்கி மறு வண்டிக்கு ஓடிய சனங்கள் வரவில்லை. ஆகவே அவர்களைத் தேடி நானே சிறிது படித்தேன்.

இலங்கையில் மின்சார ட்ராம் வண்டி ஓடிய நகரம் கொழும்பு. பூஸ்டட் சகோதரர் என்னும் ஆங்கிலக் கம்பெனியார் 1899 இல் அதனைத் தொடக்கினர். பாதைகள் இரண்டே. கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கு ஒன்று. மருதானை வழியாகப் பொரளைக்கு மற்றொன்று. கிராண்ட்பாஸ் என்ற பெயரைக் கவனித்துப் பார்த்தால் நம் பகுதியார்க்கு ஓர் ஒற்றுமை புலப்படும். களனி கங்கையைக் கடக்கும் பெருந்துறை என்பதே அதன் பொருள். அங்கே தோணிகளைப் பிணைத்துப் போட்ட பாலம் ஒன்று நெடுங்காலம் இருந்து, 1895 இல் விக்டோரியா இரும்புப் பாலம் வந்தது. ட்ராம் அந்தப் பழைய துறைப்பக்கத்தோடு நின்றுவிடும். கங்கைக்கு அப்பாற் போகிறவர் இறங்கி வேறு வண்டி தேட வேண்டும். பொரளையிலும் இதே நிலைமைதான். மேலே தொங்கிய மின்கம்பி எங்கே முடிந்ததோ, அங்கே ட்ராமின் உலகமும் முடிந்தது.

அவ்விடங்களிலேதான் பஸ்ஸின் உலகம் விரிந்தது. இலங்கைக்கு மோட்டார் பஸ் வந்தது 1907 இல். பின் தனியார் பலர் பஸ் விட்டனர். ஒரே வீதியில் ஒருவரை ஒருவர் முந்தி ஓடிச் சனங்களை அள்ளும் போட்டி பெரிதாகவே, 1942 இல் அனுமதிப்பத்திரச் சட்டம் கொண்டுவரப்பட்டு, வீதிகள் கம்பெனிகளுக்குப் பங்கிடப்பட்டன. 1944 இல் ட்ராம் சேவையைக் கொழும்பு மாநகர சபை பொறுப்பேற்றது. ஆக, தண்டவாளம் நகரசபைக்கு, பஸ் முதலாளிமாருக்கு. பயணியோ இருவருக்கும் தனித்தனியே காசு கொடுத்தவர்.

இளமையிற் கொழும்பிலே கடை வேலை பார்த்த எனது அம்மப்பா இதனைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். மட்டக்களப்பு வண்டியால் மருதானையில் இறங்கி, ட்ராம் ஏறிப் பொரளைக்குப் போய், அங்கே பஸ்ஸுக்கு நிற்பாராம். "ட்ராமில ஏறுறது சுகம் தம்பி, இறங்கின பிறகுதான் கரைச்சல்" என்பார். பக்கச் சுவரில்லாத அந்த வண்டி வீதி நடுவே நிற்கும்; மூட்டையோடு இறங்குகிறவர் மோட்டார் வண்டிகளுக்கிடையிலே கரை சேர வேண்டும்.

ட்ராமை அற்பமாக நினைக்கலாகாது. 1929 இல் ஏ. ஈ. குணசிங்காவின் தலைமையில் ட்ராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது நகரமே கொந்தளித்தது. மருதானைப் பொலிஸ் நிலையத்தருகே துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அந்தக் கதை தனியே எழுதத் தக்கது.

1953 இல், சென்னையில் ட்ராம் நின்ற அதே வருடத்தில், கொழும்பில் மின்கம்பியில் ஓடும் ட்ரொலி பஸ் வந்தது. 1958 ஜனவரி முதலாந் திகதி தனியார் பஸ்களெல்லாம் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கைக்கு மாறின. இப்போது ட்ராமும் பொதுச்சொத்து, பஸ்ஸும் பொதுச்சொத்து. இரண்டையும் ஒன்றுக்கொன்று துணையாக்க அதைவிட நல்ல வேளை வாய்க்குமா? ஆனால் 1960 இல் ட்ராம் நிறுத்தப்பட்டது; 1964 இல் ட்ரொலி பஸ்ஸும் போயிற்று. ட்ராம் போனதற்காக நான் அழவில்லை. ஈரிணைத் தண்டவாளத்துக்கு இடமில்லாத வீதிகள் அவை என்று சொல்வாரும் உளர். எனது வருத்தமெல்லாம், சேர்த்து ஓட்டிப் பார்க்க வேண்டிய வேளையில் ஒன்றை அகற்றியதே பரிகாரமாகக் கருதப்பட்டதென்பதுதான். சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரத்தார் ட்ராமைக் கைவிடவில்லை. 1990 முதல் ட்ராம், பஸ், புகைவண்டி மூன்றுக்கும் ஒரே சீட்டு அங்கே செல்லுகின்றது.

நமது ஊருக்கு வருவோம். கல்லடிப் பாலம், தேசாதிபதி மானிங்கின் மனைவியார் பெயரால், 1924 இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் ஓடத்துறைதான். புகையிரதம் 1928 இல் வந்தது. நான்கு வருட இடைவெளியில் வந்த இரண்டும் நகரின் வெவ்வேறு மூலைகளைப் பிடித்துக்கொண்டன. பழைய பாலத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள் கடக்கும்வரை மறுபக்கத்தவை காத்து நின்றதை நமது மூத்தோர் அறிவர்; 2013 இற் புதிய பாலம் வந்த பின்னரே அத்தொல்லை தீர்ந்தது.

மட்டக்களப்புக்குத் தெற்கே தண்டவாளம் கிடையாது. களுவாஞ்சிகுடியாரும் கல்முனையாரும் அக்கரைப்பற்றாரும் பொத்துவிலாரும் புகைவண்டியால் இறங்கி இங்கேதான் பஸ்ஸுக்கு மாறவேண்டும். ஆகையால் அந்த நிலையத்து வாசலுக்கும் பஸ் நிலையத்துக்கும் இடைப்பட்ட தூரம் நாவற்குடாவாரின் கவலை மட்டுமன்று. எழுவான்கரை முழுவதற்கும் உரியது. புகைவண்டி வந்து சேரும் நேரத்துக்கு ஒரு பஸ் நிலைய வாசலில் நின்று, அரசடி வழியாகப் பாலத்தைக் கடந்து தெற்கே போனாற் போதும். புதுத் தண்டவாளமும் வேண்டாம், புதுப் பாலமும் வேண்டாம். இரண்டு நேர அட்டவணைகளை ஒருவர் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும். அன்றிரவு வாங்கிலே கிடந்தபோது, என்னைப்போலவே வண்டியைத் தவறவிட்ட அக்கரைப்பற்றுப் பெரியவர் ஒருவரும் பக்கத்தில் இருந்தார். அவர் கையில் கொழும்பு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகும் துண்டு இருந்தது.