ஃபென்டன் வினை

ஆலைக் கழிவுநீரிலுள்ள நச்சுக் கரிமப் பொருள்களைச் சிதைக்கும் வினையூக்க முறை. 1894இல் இங்கிலாந்து வேதியியலாளர் ஹென்றி ஃபென்டன் இதன் அடிப்படை வினையை விவரித்தார். நீரின் பிஎச் அளவை ஏறத்தாழ 3க்கு இறக்கி, இரும்பு உப்பைக் கரைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தால் ஹைட்ராக்சில் தனியுறுப்புகள் பிறக்கும். அவை சாய மூலக்கூறின் அசோ பிணைப்பை அறுக்க, நிறம் வெளுக்கும். பின்பு சுண்ணாம்பிட்டு நடுநிலையாக்கும்போது செம்பழுப்பு இரும்புச் சேறு அடியில் படியும். அதை அப்புறப்படுத்துவதே பெருஞ்சுமை.

நிறம் போனதாலேயே நீர் தூய்மையாகிவிட்டதென நம்பக் கூடாது. சாயமேற்றப் பயன்படும் உப்பை இவ்வினை நீக்காது. எடுத்துக்காட்டாக, வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் ஆறு திருப்பூர்ச் சாயக்கழிவால் கெட்டது. அதன் குறுக்கேயுள்ள ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பாசனத்துக்கு உதவாமல் போனதில் அந்த உப்புக்குப் பெரும்பங்கு உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. உப்பைப் பிரிக்க எதிர்ச்சவ்வூடு பரவலும் ஆவியாக்கலும் தேவை.