கரி பஸ்ஸின் மூச்சுக்குழாய்

எங்கள் நாகரசம்பட்டிப் பக்கம் இப்போது ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தால், வீட்டு வாசலிலேயே காரின் பானெட்டைத் திறக்கிறார்கள். கம்பெனி வைத்த ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கூம்பு மாதிரி சிவப்பாக ஒன்றை மாட்டுகிறார்கள். இரண்டு கிளாம்பு, ஒரு குழாய், ஒரு ஸ்குரூ டிரைவர், அவ்வளவுதான். "இன்ஜின் நல்லா மூச்சு விடும் தாத்தா, பிக்கப் ஏறும்" என்கிறார்கள். சத்தம் ஏறுவது எனக்கே கேட்கிறது.

வண்டியின் மூச்சுக்குழாயில் கை வைப்பது இவர்களுக்குத்தான் புதிது. இவர்களுடைய கொள்ளுத்தாத்தா காலத்தில் சென்னை மாகாணம் முழுவதும் இந்த வேலை நடந்தது. அப்போது யாரும் பிக்கப்புக்கு ஆசைப்பட்டுச் செய்யவில்லை. பெட்ரோல் இல்லை, அதனால் செய்தார்கள். நம் வயதுக்காரர்களில் பலர் "கரி பஸ்" என்ற பெயரை வீட்டுப் பெரியவர்கள் வாயால் கேட்டிருப்பீர்கள்.

1939இல் உலகப் போர் தொடங்கியது. 1941இல் இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்துவிட்டது. அந்நாளில் நமக்கு மண்ணெண்ணெயும் பெட்ரோலும் பெரும்பாலும் பர்மாவிலிருந்து வந்தன. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் நெருங்கியபோது, ஐராவதிக் கரையில் இருந்த ஏனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளை ஆங்கிலேயரே தகர்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். அதோடு அந்த வழி அடைபட்டது. அசாமின் டிக்பாய் போன்ற சில இடங்கள்தான் மிச்சம். ராணுவத்துக்குப் போகத்தான் மற்றவர்களுக்கு. பஸ் முதலாளிகள் வண்டியை ஷெட்டில் நிறுத்த வேண்டும், அல்லது வேறு எதையாவது எரிக்க வேண்டும் என்ற நிலை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். தமிழில் கோப்பு எழுதக் கற்றதே வேலைக்கு வந்த பிறகுதான். எங்கள் ஆசிரியர் ஒருவர் போர்க்காலக் கதைகள் சொல்லும்போது 'கஸோஜேன்' என்று ஒரு சொல்லைச் சொல்வார். ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சில் கார்களும் லாரிகளும் முதுகில் ஓர் அடுப்பைச் சுமந்து ஓடினவாம். அந்த அடுப்புக்குத்தான் அந்தப் பெயர். லொரேன் பகுதியைச் சேர்ந்த ழோர்ழ் இம்பேர் என்ற வேதியியல் பொறியாளர் 1920களில் விறகில் ஓடும் கஸோஜேனைச் செய்து காட்டினார். போர் வந்ததும் ஐரோப்பாவில் லட்சக்கணக்கான வண்டிகளில் இந்த வகை அடுப்புகள் ஏறின. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகு, என் மாமனார் கரி பஸ்ஸைப் பற்றிச் சொல்லச் சொல்லத்தான் இரண்டும் ஒன்று என்று எனக்கு உறைத்தது.

பஸ்ஸின் பின்புறம் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. மேலே மூடியைத் திறந்து மூட்டை மூட்டையாக மரக்கரியைக் கொட்டுவார்கள். அடியில் நெருப்பு வைத்துக் கையால் சுற்றும் ஒரு விசிறியைச் சுழற்ற வேண்டும். கால் மணி நேரம் சுற்றினால் வாயு கிளம்பும். ஒரு குழாய் முனையில் தீக்குச்சி காட்டிப் பார்ப்பார்கள். நின்று எரிந்தால் வண்டி புறப்படலாம். விடியற்காலை பஸ் என்றால், இதற்காகவே கிளீனர் பையன் இன்னும் முன்னதாக எழுந்திருக்க வேண்டும்.

உள்ளே நடப்பது எளிமையான சங்கதிதான். கரிக்குப் போதுமான காற்று கொடுக்காமல் எரித்தால் கார்பன் டை ஆக்சைடு வரும். அது மேலும் தணல் வழியே போகும்போது கார்பன் மோனாக்சைடாக மாறும். இது எரியும் வாயு. இதைக் குளிர வைத்து, தூசி நீக்கி, குழாய் வழியாக முன்னால் இன்ஜினுக்குக் கொண்டுபோக வேண்டும். கார்புரேட்டர் பக்கத்தில் ஒரு கலவை வால்வு. வாயு ஒரு பங்கு, வெளிக்காற்று ஏறக்குறைய ஒரு பங்கு. பெட்ரோலுக்கோ எடைக் கணக்கில் ஒரு பங்குக்குப் பதினைந்து பங்கு காற்று. இன்ஜின் உறிஞ்சும் உறிஞ்சலில்தான் பின்னால் அடுப்பே மூச்சு விடும். ஏற்றத்தில் வால்வைத் திருகித் திருகிக் காற்றைச் சரிபார்ப்பது டிரைவரின் தலைவலி.

இந்த மாகாணத்தில் இதற்கான அடுப்பைச் செய்து கொடுத்தவர்களில் மதுரை டி.வி. சுந்தரம் ஐயங்கார் முக்கியமானவர். திருக்குறுங்குடிக்காரர். ரயில்வே, வங்கி உத்தியோகங்களை விட்டு பஸ் தொழிலுக்கு வந்தவர். போர்க்காலத்தில் அவர் வடிவமைத்து வெளியிட்டது 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்'. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வந்தபோது, வாங்கி ஓட்டிய நம் ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் பின்னால் ஒரு கரி அடுப்பும் இருந்தது தெரியும்?

கரி பஸ் என்றதும் எல்லோரும் சொல்வது, மேட்டில் வண்டி ஏறாமல் ஜனங்கள் இறங்கித் தள்ளிய கதை. என் மாமனாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கதை உண்மைதான். அந்த வாயுவில் பாதிக்கு மேல் ஒன்றுக்கும் உதவாத நைட்ரஜன். பெட்ரோல் இன்ஜின் அதில் ஓடினால் நாற்பது, ஐம்பது சதவீதம் சக்தி போய்விடும். தொப்பூர் கணவாயை அரைப் பலத்தோடு ஏறுவதை நினைத்துப் பாருங்கள்! ஆனால் இந்தச் சிரிப்பில் முக்கியமான விஷயம் விடுபட்டுப் போகிறது என்பது என் எண்ணம். கரி பஸ்காரர்கள் மல்லுக்கட்டியதில் பெரும்பங்கு தூசியோடுதான்.

விறகை எரித்தால் தார் வரும், வால்வுகளில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இங்கே மரக்கரியைப் பிடித்தார்கள். கரியில் தார் மிகக் குறைவு. ஆனால் பொடி உண்டு, சாம்பல் உண்டு. உறிஞ்சும் வேகத்தில் அது வாயுவோடு கிளம்பும். அப்படியே சிலிண்டருக்குள் போனால் எண்ணெயோடு குழைந்து, சாணை பிடிப்பது போலப் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் தேய்த்துவிடும். ஆகவே வாயுவைச் சுழலவிட்டுப் பொடியைக் கீழே விழச் செய்வது, துணியிலும் நாரிலும் எண்ணெயிலும் வடிப்பது என்று ஏகப்பட்ட ஏற்பாடுகள். அவற்றைத் தவறாமல் திறந்து தட்டிக் கழுவ வேண்டும். கழுவாத முதலாளியின் வண்டி சீக்கிரமே போரிங்குக்குப் போகும். உருளையையும் குழாயையும் யார் வேண்டுமானாலும் பற்றவைக்கலாம். வடிகட்டியைச் சுத்தமாக வைத்திருப்பதில்தான் வண்டியின் ஆயுசு இருந்தது.

இன்னோர் அபாயம் மனிதருக்கு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பற்றிக்கொள்ளும். தலை வலிக்கும், கிறுகிறுக்கும், மூடிய ஷெட்டாக இருந்தால் ஆளையே கொண்டுபோய்விடும். விசிறியைச் சுற்றிக்கொண்டு அடுப்புக்கு மிக அருகில் நின்றவன் அந்தக் கிளீனர் பையன்தான். சில வாடைகள் நமக்குத் தரும் எச்சரிக்கையைக்கூட அது தராது.

போர் முடிந்து பெட்ரோல் வரத் தொடங்கியதும், பிறகு டீசல் வண்டிகள் பெருகியதும், அடுப்புகள் கழற்றப்பட்டுப் பழைய இரும்புக் கடைக்குப் போயின. யாரும் வருந்தவில்லை.

இப்போது சிவப்புக் கூம்புக்கு வருகிறேன். 1200 சிசி கார் 3000 சுற்றில், முழுக்க மிதித்தால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 1500 லிட்டர் காற்றை இழுக்கும். நம் கிருஷ்ணகிரிச் சாலைகளின் காற்று எப்படிப்பட்டது? கல் குவாரி, கிரஷர், டிப்பர் லாரி. கருங்கல் தூளில் உள்ள குவார்ட்ஸ் இரும்பைவிடக் கடினமானது. பழைய டிராக்டரில் எண்ணெய்ச் சட்டியோடு ஏர் கிளீனர் வைத்தது சும்மா இல்லை. கூம்பு மாட்டினால் காற்று தாராளமாகத்தான் போகும். ஃபில்டர் தரமில்லாததாக இருந்தால் அதோடு கல்தூளும் போகும். பானெட்டுக்குள் திறந்தபடி நிற்கும் கூம்பு ரேடியேட்டர் சூட்டில் வெந்த காற்றை இழுக்கும். சூடான காற்று லேசு, அதில் ஆக்சிஜன் குறைவு. கிடைத்த கொஞ்சம் பலமும் அங்கே போய்விடும். கம்பெனிப் பெட்டியின் மூக்கு முன்பக்கமாக, வெளிக்காற்றை நோக்கி நீண்டிருப்பது அதற்காகத்தான். இதை ஒரு பையனிடம் சொன்னேன். ஃபில்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சுடுது தாத்தா" என்றான்.

வாகனப் பதிவுப் பிரிவில் எழுத்தராக இருந்தவன் என்பதால் சட்டத்தையும் ஒரு வரி சொல்ல வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆனால் அதே பிரிவு, வேறு எரிபொருளுக்கு மாற்றும் கிட் பொருத்துவதற்கு நிபந்தனைகளோடு இடம் தருகிறது. கரி பஸ்ஸுக்கு இன்றும் அந்தக் கதவு முழுக்க மூடவில்லை என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

அந்த அடுப்பு வண்டியை விட்டு இறங்கிய பிறகும் சாகவில்லை. நமக்குப் பக்கத்து மாநிலத்தில், துமகூரு மாவட்டத்தில், ஹொசஹள்ளி என்ற சிற்றூரில் 1988இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் மரத்துண்டில் ஓடும் வாயு உலை ஒன்றை அமைத்தார்கள். அதன் குழாய் ஒரு டீசல் இன்ஜினின் காற்றுக் குழாயில் சேர்க்கப்பட்டது. டீசல் கொஞ்சம் போதும், மீதி வேலையை வாயு பார்த்துக்கொள்ளும். அந்த மின்சாரத்தில் வீடுகளுக்கு விளக்கெரிந்தது, குடிநீர் மோட்டார் ஓடியது, பிற்பாடு மாவு மில்லும் ஓடியது. உலைக்கும் இன்ஜினுக்கும் நடுவில் மணல் படுகை வைத்திருந்தார்கள், வாயு வடிந்து வருவதற்கு. அந்த மணலையும் அவ்வப்போது எடுத்துக் கழுவிப் போட வேண்டும்.