கஞ்சகம் என்கிற கறிவேப்பிலை

காரியம் முடிஞ்சதும் கழட்டி விடுறதை 'கறிவேப்பிலை மாதிரி' என்கிறோம். ஆனால் சங்கப் புலவர் ஒருவர் இந்த இலையைப் பெயர் சொல்லிப் பாட்டில் வைத்திருக்கிறார்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை அது. காஞ்சிக்குப் போகும் பாணனுக்கு வழியில் அந்தணர் வீட்டில் விருந்து. மாதுளங்காயைப் பிளந்து, 'கறி'யும் 'கஞ்சக' இலையும் கலந்து, வெண்ணெயில் வேகவைத்த பதார்த்தம். இங்கே கறி என்றால் மிளகு, கஞ்சகம்தான் கறிவேப்பிலை. மிளகாய் நம்ம ஊருக்கு வந்ததோ போர்ச்சுகீசியருக்குப் பிறகு. அதற்குப் பல நூற்றாண்டு முன்பே மிளகும் இந்த இலையும் ஒரே சட்டியில் சேர்ந்தாச்சு.

அறிவியல் பெயரிலும் தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. 'முர்ராயா கோனிகி'யில் இருக்கும் கோனிக், லின்னேயஸின் மாணவர். 1768இல் டேனிஷ் மிஷன் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தவர். 1771இல் லின்னேயஸ் இந்தச் செடிக்கு அவர் பெயரை வைத்தார்.

பெயரில் வேப்பிலை இருந்தாலும் இது எலுமிச்சைக் குடும்பம். அதனால்தான் எலுமிச்சையை மேயும் வண்ணத்துப்பூச்சிப் புழு உங்க தொட்டிக்கும் வருது, கையாலேயே எடுத்துவிடலாம். விதை போடுவதானால் பழம் பறித்த கையோடு போடணும், காய்ந்தால் முளைக்காது. வளர்ந்த செடியின் வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றைப் பிரித்து நடுவது அதைவிடச் சுலபம்.