பாலத்தைக் காத்த பள்ளிப் பிள்ளைகள்: நாம் பார்க்கத் தவறிய போர்த் திரைப்படங்கள்

எர்லாங்கனில் வாழும் எம்மவருள் லோர்லபேர்க் சதுக்கத்தைக் கடந்து செல்லாதவர் இலர். ஆயினும் அப்பெயருக்குரியவர் யார் என அறிந்தோர் சிலரே. 1945 ஏப்ரல் மாதத்தில் அமெரிக்கப் படைகள் இந்நகரை நெருங்கியபோது, நகரின் பாதுகாப்புக்குப் பொறுப்பாயிருந்த யேர்மன் இராணுவ அதிகாரியே வேர்னர் லோர்லபேர்க். இறுதிவரை போரிடுக என்பதே மேலிடத்துக் கட்டளையாக இருந்தது. அவரோ ஏப்ரல் 16 ஆம் நாள் நகரைக் கையளித்தார். அன்றைய தினமே நகரின் ஓரத்தில் தாலர்மூலே என்னுமிடத்தில் உயிரிழந்தார். தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார் என்போரும் உளர். சரணடைய மறுத்த படையினரால் சுடப்பட்டார் என்போரும் உளர். அண்டை நகராகிய நூர்ன்பேர்க்கோ ஏப்ரல் 20 ஆம் நாள்வரை சண்டையிட்டே வீழ்ந்தது. 1686 ஆம் ஆண்டு முதல் பிரான்சிலிருந்து தப்பிவந்த ஹியூகனோ அகதிகளுக்கென அமைக்கப்பட்ட எர்லாங்கன் புதுநகர், தன் நேரிய வீதிகளோடு இன்றும் நிற்பதற்கு அந்த ஒரு நாளின் முடிவும் ஒரு காரணமாகும்.

திரைப்படங்களைப் பற்றி எழுத வந்த நாம் இவ்வரலாற்றிலிருந்து தொடங்குவதற்குக் காரணமுண்டு. போர் பற்றிய படம் என்றவுடன் எம் மனக்கண்ணில் தோன்றுவன பீரங்கிகளும் வெற்றி முழக்கங்களுமே. ஒளிநாடாக் கடைகளில் வார இறுதிகளில் வரிசையில் நின்ற காலத்திலும் நாம் வாங்கிச் சென்றவை கோடம்பாக்கத்துப் படங்கள்தாம். நாம் தஞ்சம் புகுந்த இந்நாட்டவர் தம் போரைப் பற்றித் தாமே எடுத்த படங்களை எம்மிற் பெரும்பாலோர் பார்த்ததில்லை. எம் தாயகத்துப் போரைப் பற்றி எடுக்கப்பட்ட நல்ல படங்களிற் சிலவும் எம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை. அவற்றுள் ஐந்தினை இங்கு அறிமுகஞ் செய்கின்றோம்.

முதலாவது 1930 இல் வெளியான "வெஸ்ற்புறொன்ற் 1918". இயக்கியவர் ஜி. டபிள்யூ. பாப்ஸ்ற். முதலாம் உலக மகாயுத்தத்தின் இறுதி மாதங்களில் பிரெஞ்சுக் களத்திலிருந்த நான்கு யேர்மன் சிப்பாய்களின் கதை. விடுமுறையில் வீடு திரும்பும் ஒருவன், பசியால் வாடிய நகரில், இறைச்சிக் கடைப் பையனோடு தன் மனைவி இருக்கக் காண்கிறான். களத்தின் கொடுமையிலும் வீட்டின் அந்த மௌனமே அவனை அதிகம் சிதைக்கிறது. பின்னர் மருத்துவமனையாக்கப்பட்ட தேவாலயத்தில் அவன் உயிர் பிரிகிறது. அருகே கிடக்கும் காயமுற்ற பிரெஞ்சுச் சிப்பாய் அவன் கையைப் பற்றிக்கொண்டு, நாம் பகைவரல்ல, தோழர் என்கிறான். முற்றும் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியையும் பாப்ஸ்ற் இட்டுவைத்தார். நாசிகள் ஆட்சிக்கு வந்த 1933 ஆம் ஆண்டிலேயே இப்படம் தடைசெய்யப்பட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து அக்கேள்விக்குறிக்கு விடை கிடைத்தது.

இரண்டாவது "கொலைகாரர் எம்மிடையே உளர்" எனப் பொருள்படும் தலைப்பினை உடையது. போர் முடிந்தபின் யேர்மனியில் எடுக்கப்பட்ட முதலாவது கதைப்படம் இதுவே. வொல்வ்காங் ஸ்ரவுட்ட இயக்கிய இப்படம் 1946 ஒக்ரோபரில் பேர்லினின் சோவியத் பகுதியில் திரையிடப்பட்டது. மேற்கு நேச நாடுகள் இதற்கு அனுமதி வழங்கவில்லை. சோவியத் அதிகாரிகளே வழங்கினர். வதைமுகாமிலிருந்து மீண்டுவரும் சுசன்ன என்னும் பெண், தன் வீட்டில் வேறொருவர் குடியிருப்பதைக் காண்கிறாள். போரில் கண்டவற்றை மறக்கவியலாது குடியில் மூழ்கிய இராணுவ மருத்துவர் அவர். அவருடைய பழைய கப்டனோ, போலந்தில் 1942 நத்தார் தினத்துக்கு முந்திய இரவில் ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என நூற்றுக்கு மேற்பட்டோரைச் சுட்டுக்கொல்லக் கட்டளையிட்டவன். இப்போது இரும்புத் தலைக்கவசங்களைச் சமையற் பாத்திரங்களாக மாற்றி விற்கும் கண்ணியமான முதலாளி. மருத்துவர் அவனைக் கொன்றுவிடுவதாகவே ஸ்ரவுட்ட முதலில் எழுதியிருந்தார். தனிமனிதர் பழிவாங்குவதை அதிகாரிகள் ஏற்காமையால், அவனை நீதியின் முன் நிறுத்தவேண்டும் என்னும் கோரிக்கையோடு படம் முடிகிறது. தன் வீட்டு வாசலில் அந்நியராய் நிற்பதன் வேதனை எம் வாசகர்களுக்கு விளக்கப்பட வேண்டியதொன்றன்று.

மூன்றாவது, இக்கட்டுரைக்குத் தலைப்பினைத் தந்த "டீ புறூக்க", அதாவது பாலம். பேர்ன்ஹாட் விக்கி 1959 இல் இயக்கியது. எமது பவாரியா மாநிலத்தின் கிழக்கே, செக் எல்லையை அண்டிய காம் என்னும் சிறு நகரிலே படமாக்கப்பட்டது. 16 வயதில் இறுதிக்காலப் போருக்கு அனுப்பப்பட்டு உயிர்தப்பிய கிறெகோர் டோர்வ்மைஸ்ரர், மன்பிறெட் கிறெகோர் என்ற புனைபெயரில் எழுதிய நாவலே இதன் மூலம்.

ஒரே வகுப்பில் படிக்கும் ஏழு பையன்கள். போர் தோற்றுவிட்டதென்பது பெரியவர்கள் அனைவருக்கும் தெரியும். அந்நிலையில் பையன்களுக்கு அழைப்புக் கடிதம் வருகிறது. அவர்களது ஆசிரியர் இராணுவ அதிகாரியிடம் சென்று மன்றாடுகிறார். அதிகாரியும் இரங்கி, எவருக்கும் பயன்படாத, எப்படியும் தகர்க்கப்படவிருந்த ஒரு பாலத்தில் அவர்களை நிறுத்துகிறார். பொறுப்பாக விடப்பட்ட அனுபவசாலிச் சிப்பாய் கோப்பி தேடி நகருக்குள் செல்ல, தப்பியோடியவன் எனக் கருதி அவனைச் சுட்டுவிடுகின்றனர். வீட்டுக்குப் போங்கள் எனச் சொல்ல இப்போது எவருமில்லை. ஏழ்வரில் மிகச் சிறியவன், முதலாவது விமானம் வந்தபோது நிலத்தில் விழுந்து படுத்தமைக்காக நண்பர்களால் நகைக்கப்பட்டவன். அடுத்த விமானம் வந்தபோது வெட்கத்தினால் நிமிர்ந்தே நிற்கிறான். அவனே முதலில் மடிகிறான். முடிவில் உயிரோடு மிஞ்சுபவன் ஒருவனே. இச்சம்பவம் 1945 ஏப்ரல் 27 இல் நிகழ்ந்ததென்றும், எந்த இராணுவ அறிக்கையிலும் குறிக்கப்படாத அளவு அற்பமானதென்றும் இறுதியில் திரையில் எழுத்துக்கள் தெரிவிக்கின்றன.

எர்லாங்கன் கையளிக்கப்பட்டுப் பதினொரு நாட்களுக்குப் பின்னர் நிகழ்வதாக இக்கதை அமைந்துள்ளமையை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஓரிடத்தில் ஓர் அதிகாரி கட்டளையை மீறினார், நகரம் பிழைத்தது. மற்றோரிடத்தில் எல்லோரும் அவரவர் கடமையைச் செய்தனர், பிள்ளைகள் இறந்தனர்.

இப்படத்தை எம்முள் சில குடும்பத்தினர் ஒரு வீட்டிற் கூடியிருந்து பார்த்தோம். படம் முடிந்ததும் இங்கு பிறந்த சிறுமி ஒருத்தி, அந்தப் பையன்களுடைய அம்மாமார் ஏன் அவர்களைப் போகவிட்டார்கள் என்று கேட்டாள். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. அங்கிருந்த ஆண்களில் இருவர், பதினைந்து, பதினாறு வயதில் தனியாக விமானம் ஏற்றப்பட்டு இந்நாட்டுக்கு வந்தவர்கள். இராணுவம் பிடித்துச் செல்லும் என்ற அச்சமும், இயக்கங்களிற் சேர்ந்துவிடுவார்கள் அல்லது சேர்க்கப்பட்டு விடுவார்கள் என்ற அச்சமும் ஒன்றுசேர, காணியை ஈடுவைத்து அவர்களை அனுப்பியவர்கள் அவர்களின் தாய்மாரே. அனுப்ப வழியற்றிருந்த தாய்மாரையும் நாம் அறிவோம். அன்றிரவு அச்சிறுமிக்கு அவளது தந்தை முதன்முறையாகத் தாம் வந்த கதையைச் சொன்னார்.

நான்காவது படம் எம் தாயகத் தீவிலிருந்து வந்தது: பிரசன்ன விதானகே 1997 இல் இயக்கிய சிங்களத் திரைப்படம் "புரஹந்த களுவர". வரண்ட பிரதேசத்துக் கிராமமொன்றில் வாழும் கண்பார்வையற்ற முதியவர் வன்னிஹாமி. அவரது மகன் போர்க்களத்திலிருந்து முத்திரையிடப்பட்ட பெட்டியில் வருகிறான். மகன் இறந்தான் என்பதை அவர் நம்ப மறுக்கிறார். நட்டஈட்டுப் பத்திரத்தில் ஒப்பமிடவும் மறுக்கிறார். ஈற்றில் புதைகுழியைத் தோண்டிப் பெட்டியைத் திறக்கையில் உள்ளே மகனின் உடல் இல்லை. 2000 ஆம் ஆண்டில் இலங்கை அரசு இதன் திரையிடலைத் தடுத்தது. இயக்குநர் உயர் நீதிமன்றம் சென்றார். 2001 இல் அவருக்குச் சார்பாகத் தீர்ப்புக் கிடைத்தது. பிள்ளையின் உடலைக் காணாது காத்திருக்கும் எம் பெற்றோருக்கு வன்னிஹாமியின் மொழி அந்நியமாயிருக்கலாம். அவரது பிடிவாதம் அந்நியமானதன்று.

ஐந்தாவது, அசோக ஹந்தகம 2012 இல் தமிழில் இயக்கிய "இனி அவன்". போர் முடிந்தபின் யாழ்ப்பாணத்து ஊருக்குத் திரும்பும் முன்னாள் போராளியை ஊரவரே ஏற்க மறுக்கின்றனர். தம் பிள்ளைகளின் இழப்புக்கு அவனிடம் கணக்குக் கேட்கின்றனர். இப்படத்தின் பார்வையோடு உடன்படாதோர் எம்மிடையே உண்டு. பார்த்தபின் உடன்படாதிருப்பதே முறையானது என்பது எமது கருத்து.

இவற்றை எம்மவரே ஏன் அக்காலத்தில் எடுக்கவில்லை என இளையோர் கேட்கலாம். 1970 களில் "பொன்மணி", "வாடைக்காற்று" போன்ற ஈழத்துத் தமிழ்ப் படங்கள் வெளிவந்தன. 1983 ஜூலை வன்செயலில் ஹெந்தளையிலிருந்த விஜயா கலையகம் எரியூட்டப்பட்டது. திரைப்பட இயக்குநர் கே. வெங்கட் கொல்லப்பட்டார். அத்துடன் வளர்ந்துவந்த ஒரு துறை முறிந்தது. அதன்பின் வந்த ஆண்டுகளின் வாழ்க்கையைப் பதிந்துவைத்தவை பெரும்பாலும் எம்மவரின் நினைவுகளே.

ஆகவே எமது வேண்டுகோள் இது: இப்படங்களுள் ஒன்றையேனும் இக்குளிர்காலத்தில் தேடிப் பெற்றுப் பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். "டீ புறூக்க" யேர்மன் பாடசாலைகளில் பல தலைமுறையினருக்குக் காட்டப்பட்டு வந்தது. உங்கள் பிள்ளைகளின் ஆசிரியரிடம் கேட்டாலே வழி கிடைக்கலாம். டொச் மொழி விளங்காத பெரியோருக்குப் பிள்ளைகள் மொழிபெயர்த்துச் சொல்லட்டும். அது முடிந்தபின் பிள்ளைகள் கேட்பவற்றுக்குப் பெரியோர் விடை சொல்லட்டும்.