கணக்கில் வராத பாட்டில்

1985ம் ஆண்டு டிசம்பர் 5ம் தேதி. லண்டன். கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தின் கூடத்துக்கு ஒரு பாட்டில் வருகிறது. கையால் ஊதிச் செய்த பழைய கண்ணாடி. உள்ளே பிரான்ஸ் தேசத்து லாஃபிட் ஒயின். பாட்டிலின்மீது 1787 என்று வருடம் செதுக்கியிருக்கிறது. கூடவே டி.ஹெச்.ஜே. என்று மூன்று இங்கிலீஷ் எழுத்துகள்.

ஏலம் முடிய ரெண்டு நிமிடம்கூட ஆகவில்லை. விலை? 1,05,000 பவுண்ட்! வாங்கியவர் அமெரிக்கப் பத்திரிகை அதிபர் மால்கம் ஃபோர்ப்ஸின் மகன். ஒரு பாட்டில் ஒயினுக்கு அதுவரை உலகத்தில் யாரும் அப்படியொரு விலை கொடுத்ததில்லை.

விலை ஒயினுக்கா? இல்லை. அந்த மூன்று எழுத்துகளுக்கு. டி.ஹெச்.ஜே. என்றால் தாமஸ் ஜெஃபர்சன். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர். அந்நாட்டின் மூன்றாவது ஜனாதிபதி. பாரிஸில் ஒரு பழைய வீட்டில், சுவர் வைத்து மூடிக்கிடந்த நிலவறையில் இந்த பாட்டில்கள் கிடைத்தன என்றார், ஏலத்துக்குக் கொண்டுவந்த ஜெர்மானியர் ஹார்டி ரோடன்ஸ்டாக். எந்த வீடு? சொல்லமாட்டார். மொத்தம் எத்தனை பாட்டில்? அதையும் சொல்லமாட்டார்.

சரி, ஒரு ஜனாதிபதிக்கும் நிலவறைக்கும் என்ன சம்பந்தம்? அதைப் பார்த்துவிட்டு ஏலத்துக்குத் திரும்புவோம்.

ஒயின் என்பது மற்ற சரக்கு மாதிரி இல்லை. விஸ்கியை வாங்கிப் பத்து வருடம் பீரோவுக்குள் வைத்துவிட்டு எடுத்தாலும் அது விஸ்கிதான். ஒயின் அப்படியல்ல. பாட்டிலுக்குள் போன பிறகும் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே இருக்கும். நல்ல ஒயின் நன்றாக மாறும். ஆனால் அதற்குச் சில சௌகரியங்கள் வேண்டும். 12, 13 டிகிரி செல்சியஸ் குளிர். அதைவிட முக்கியம், அந்தக் குளிர் ஏறி இறங்காமல் இருக்க வேண்டும். சூடு ஏறினால் ஒயின் விரிந்து கார்க்கை வெளியே தள்ளும். சூடு இறங்கினால் சுருங்கி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். காற்று புகுந்தால் முடிந்தது கதை. அப்புறம் சாலட்டுக்கு ஊற்றலாம்.

காற்றில் ஈரப்பதமும் 60, 70 சதம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்க் காய்ந்து சுருங்கிவிடும். அதனால்தான் பாட்டிலைப் படுக்கவைப்பார்கள். ஒயின் கார்க்கை நனைத்துக்கொண்டே இருக்கும். வெளிச்சம் ஆகாது. அதிர்ச்சி ஆகாது. கிட்டத்தட்ட பிள்ளை பெற்ற வீட்டுப் பத்தியம்.

இத்தனையும் இலவசமாகக் கிடைக்கிற இடம் ஒன்று உண்டு. பூமிக்கு அடியில். ஆழம் போகப் போக வெயிலும் பனியும் அங்கே எட்டாது. அந்த ஊரின் வருடாந்திர சராசரி வெப்பம் எதுவோ, அதுவே அங்கே நிரந்தரம். பாரிஸ் வானியல் ஆராய்ச்சிக் கூடத்துக்கு அடியில் 28 மீட்டர் ஆழத்தில் ஒரு நிலவறை இருக்கிறது. 18ம் நூற்றாண்டிலேயே வேதியியல் மேதை லவாய்சியரின் தெர்மாமீட்டரை அங்கே வைத்துப் பார்த்தார்கள். கோடையோ குளிர்காலமோ, பாதரசம் 12 டிகிரியை ஒட்டியே நின்றது.

அவசரப்பட்டு மண்வெட்டியைத் தூக்காதீர்கள். சென்னையின் வருடாந்திர சராசரி 28 டிகிரிக்கு மேல். நம் ஊரில் கிணறு ஆழத்துக்குத் தோண்டினாலும் அதே 28தான் கிடைக்கும்.

ஜெஃபர்சன் அந்த பாரிஸில்தான் ஐந்து வருடம் அமெரிக்கத் தூதுவராக இருந்தார். 1784 முதல் 1789 வரை. மணிக்கட்டு உடைந்தது, வெந்நீர் ஊற்றில் வைத்தியம் செய்துகொள்ளப் போகிறேன் என்று 1787ல் தெற்கே கிளம்பியவர், வழிநெடுகத் திராட்சைத் தோட்டங்களாகப் பார்த்துக்கொண்டு போனார். எந்த மண், எந்தத் தோட்டம், என்ன விலை? சகலத்தையும் குறித்துக்கொண்டார். இடையில் வியாபாரி கைபட்டால் கலப்படம் செய்துவிடுவான், தோட்டக்காரனிடமே நேரே வாங்கு என்பது அவர் கடைப்பிடித்த விதி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வர்ஜீனியா மாநிலத்தில், ஒரு குன்றின் உச்சியில் அவருடைய சொந்த வீடு. மான்டிசெல்லோ என்று பெயர். சாப்பாட்டு அறைக்கு நேர் கீழே ஒயின் நிலவறை. சுமாராக 17 அடிக்கு 15 அடி. 10 அடி உயரம். மேலே சாப்பாட்டு அறையில் கணப்பு அடுப்பின் இரண்டு பக்கமும் சின்னதாகக் கதவுகள். திறந்தால் உள்ளே ஒரு குட்டி லிஃப்ட். காலி பாட்டிலை வைத்து இறக்கினால், முழு பாட்டில் மேலே வரும். விருந்தாளிகள் வாய் பிளந்தார்கள்.

1801ல் ஜனாதிபதியாகி வாஷிங்டனுக்குப் போனதும் அங்கேயும் நிலவறை. இது இன்னும் ஒருபடி மேல். மாளிகைக்குப் பக்கத்தில் 16 அடி ஆழத்துக்குக் குழி. உள்ளே ஐஸ் பாளங்கள், மரத்தூள், நடுவே ஒயின். மரத்தூள் என்னத்துக்கு? வெளிச் சூட்டை உள்ளே விடாது. பிற்பாடு அமெரிக்க ஏரிகளில் வெட்டிய ஐஸ், இதே மரத்தூள் உபாயத்தில்தான் கப்பலேறி மெட்ராஸ் வந்தது. மெரினாவில் விவேகானந்தர் தங்கிய ஐஸ் ஹவுஸ் அதற்காகக் கட்டியதுதான். மின்சாரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஒரு மனிதர் 'குளிரூட்டப்பட்ட ஒயின் அறை' கட்டிவிட்டார் என்றால் சும்மாவா?

சும்மா இல்லை. செலவு பிடித்தது. முதல் நாலு வருடப் பதவிக்காலத்தில் மட்டும் ஒயினுக்கு சுமார் 7,500 டாலர். அவருடைய வருட சம்பளமே 25,000 டாலர்தான். அதில்தான் வீட்டு நிர்வாகம், விருந்து எல்லாம்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவரே எழுதி வைத்திருக்கிறார். 1767ல் ஆரம்பித்து 1826ல் சாகிறவரை, கிட்டத்தட்ட அறுபது வருடம், தினசரி வரவு செலவு. சில்லறைச் செலவுகூட விட்டுப்போகாது. மான்டிசெல்லோவில் ஐஸ் கிடங்கு கட்டியபோது அதை நிரப்ப 62 வண்டி ஐஸ் பிடித்தது என்று எண்ணி எழுதுகிற ஆள்.

நான் காமர்ஸ் படித்தவன். இந்த நோட்டுகளைப் பற்றி முதலில் படித்தபோது, ஆஹா, இவரல்லவோ மனிதர் என்று பட்டது. பிறகுதான் விஷயம் தெரிந்தது. மனுஷர் எல்லாவற்றையும் எழுதினார். கூட்டிக் கழித்துப் பார்க்கவேயில்லை! பற்று உண்டு, வரவு உண்டு. ஐந்தொகை கிடையாது. தான் எவ்வளவு கடனில் இருக்கிறோம் என்பது அவருக்கே சரியாகத் தெரியாது.

இன்னொரு நோட்டும் இருந்தது. பண்ணைக் கணக்கு. அதில் ஆட்களின் பெயர்கள். பிறந்த வருடம், யாருக்கு எத்தனை போர்வை, எவ்வளவு மீன். அவர்கள் அடிமைகள். எல்லா மனிதர்களும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிய மனிதர், தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட அடிமைகளுக்குச் சொந்தக்காரர்.

இப்போது அந்தக் குட்டி லிஃப்டை மறுபடி யோசித்துப் பாருங்கள். பாட்டில் தானாகவா மேலே வந்தது? கீழே இருட்டில் ஓர் ஆள் நின்று, காலி பாட்டிலை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். மேலே விருந்தாளிகள் சுதந்திரம், சமத்துவம், பிரெஞ்சுப் புரட்சி என்று பேசிக்கொண்டிருப்பார்கள். பரிமாறுகிற ஆட்கள் கூடியவரை கண்ணில் படவேண்டாம். அதற்கு அந்த லிஃப்ட் ரொம்ப வசதி.

அந்த மேஜைக்குச் சமைத்தவர் ஈடித் ஃபாசெட். பதினைந்து வயதில் ஜனாதிபதி மாளிகைக்குக் கொண்டுபோய், பிரெஞ்சு சமையல்காரரிடம் தொழில் பழக்கினார்கள். பிறகு மான்டிசெல்லோவின் தலைமைச் சமையல்காரி. கணவர் ஜோசப் ஃபாசெட், அதே வீட்டில் கொல்லர். இருவரும் அடிமைகள்.

1826ம் ஆண்டு ஜூலை 4. சுதந்திரப் பிரகடனத்துக்குச் சரியாக ஐம்பது வயது. அன்றைக்கு ஜெஃபர்சன் இறந்தார். இத்தனை வருடம் போடாத கூட்டலை மற்றவர்கள் போட்டார்கள். கடன் 1,07,000 டாலருக்கு மேல்!

உயிலில் ஐந்து பேருக்கு விடுதலை. ஜோசப் ஃபாசெட் அதில் ஒருவர். மனைவியும் குழந்தைகளும் இல்லை. 1827 ஜனவரியில் வீட்டு வாசலிலேயே ஏலம். மேஜை, நாற்காலி, மாடு கன்றுகளோடு 130 மனிதர்கள். ஈடித்தும் குழந்தைகளும் விற்கப்பட்டார்கள். ஜோசப்புக்கு விடுதலை அமலுக்கு வந்தது அதற்கு ஆறு மாதம் கழித்து.

அடுத்த நூற்றாண்டின் ஏலத்துக்கு வருவோம்.

லண்டனில் வாங்கிய பாட்டிலை ஃபோர்ப்ஸ் குடும்பம் நியூயார்க்கில் கண்காட்சியாக வைத்தது. பளிச்சென்று தெரியவேண்டுமே? மேலே ஒரு விளக்கு. விளக்கின் சூட்டில் கார்க் காய்ந்து, சுருங்கி, ஒருநாள் தொபுக்கென்று உள்ளே விழுந்துவிட்டது. 1,05,000 பவுண்ட் போச்சு. ஜெஃபர்சனின் மரத்தூள் குழிக்குள் வைத்திருந்தால்கூடப் பிழைத்திருக்கும்.

ஆனால் இன்னொரு கோடீஸ்வரர் அந்தத் தப்பைச் செய்யவில்லை. பில் காக். எண்ணெய்க் குடும்பத்து வாரிசு. 1988ல் அதே எழுத்துகள் செதுக்கிய நாலு பாட்டில்களைச் சுமார் ஐந்து லட்சம் டாலருக்கு வாங்கினார். அவர் இருந்தது ஃப்ளோரிடாவில். நம் ஊர் மாதிரி வெக்கை பூமி. அங்கே பள்ளம் தோண்டிப் பிரயோஜனமில்லை. எந்திரம்தான் வழி.

இந்த எந்திர நிலவறை எப்படிக் கட்டுகிறார்கள்? முதலில் சுவர், தரை, கூரை எங்கும் ஈரக்காற்று புகாத படலம். அதுவும் சூடான பக்கத்தில்தான் வரவேண்டும். மாற்றி ஒட்டினால் சுவருக்குள்ளேயே நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். அடுத்து, தடிமனாக வெப்பம் தடுக்கும் பலகை. இடுக்கே இல்லாமல் மூடுகிற கதவு. கடைசியில் குளிர்விக்கும் எந்திரம். வீட்டு ஏ.ஸி. உதவாது. அது காற்றை உலர்த்திவிடும். கார்க் காய்ந்துவிடும். ஏ.ஸி.யின் பூர்வோத்தரமே அதுதான். 1902ல் வில்லிஸ் கேரியர் புரூக்ளினில் அதை வடிவமைத்தது ஓர் அச்சகத்துக்காக. ஈரக்காற்றில் காகிதம் உப்பிக்கொள்கிறதென்று, காற்றின் ஈரத்தை அடக்கத்தான். ஒயினுக்கு ஈரமும் வேண்டும், குளிரும் வேண்டும். ஆகவே தனி எந்திரம்.

இத்தனையும் செய்து ஒயினைக் காப்பாற்றலாம். ஒயின் நிஜமா என்று எந்த எந்திரமும் சொல்லாது.

2005ல் பாஸ்டன் அருங்காட்சியகம் காக்கின் சேகரிப்பைக் காட்சிக்கு வைக்க ஏற்பாடு செய்தது. ஜெஃபர்சன் பாட்டிலா? அத்தாட்சி எங்கே? மான்டிசெல்லோவில் இருந்த ஆராய்ச்சியாளர்களைக் கேட்டார்கள். அவர்கள் 1985லேயே சந்தேகப்பட்டவர்கள். காரணம், அந்த நோட்டுப் புத்தகங்கள்! வாங்கிய ஒவ்வொரு ஒயினையும் எழுதிய மனிதர், இந்த 1787 லாஃபிட்டைப் பற்றி எங்குமே எழுதவில்லை. தவிர, அவர் கையெழுத்துப் போடும்போது டி.ஹெச். எழுத்துகளுக்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு புள்ளி வைப்பார். பாட்டிலில் இருந்தது ஒற்றைப் புள்ளி.

காக் விடவில்லை. எஃப்.பி.ஐ.யின் முன்னாள் ஆசாமியை அமர்த்தினார். பாட்டிலைத் திறக்காமலே கதிரியக்கச் சோதனை நடந்தது. அணுகுண்டு யுகத்துக்கு முந்தைய ஒயின் என்று மட்டும் தெரிந்தது. அதற்குமேல் தெரியவில்லை. கடைசியில் காட்டிக்கொடுத்தது செதுக்கல். பல் டாக்டர் வைத்திருக்கிற மாதிரி, மின்சாரத்தில் சுழலும் கருவியால் செதுக்கியது அது என்றார்கள் நிபுணர்கள். ஜெஃபர்சன் காலத்தில் அப்படியொரு கருவி ஏது? 2006ல் வழக்குப் போட்டார். ரோடன்ஸ்டாக் கடைசிவரை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. 2018ல் இறந்துபோனார். காக் 2016ல் தன் சேகரிப்பிலிருந்து 20,000 பாட்டில்களை ஏலம் விட்டார். வந்தது 2 கோடியே 19 லட்சம் டாலர்.

பாருங்கள், கலப்படத்துக்குப் பயந்து தோட்டத்திலேயே நேரடியாக வாங்கிய மனிதரின் பெயரில் போலி பாட்டில். அதைப் பிடித்துக்கொடுத்தது அவரே எழுதிய கணக்கு. நோட்டில் எழுதாத பாட்டில், இல்லாத பாட்டில்.

ஆனால் நோட்டில் எழுதியும் கணக்கில் வராதவர்கள் 130 பேர். அவர்களில் ஒருவன் பீட்டர். ஈடித், ஜோசப் தம்பதியின் மகன். ஏலத்தில் விற்கப்பட்டபோது வயது 11. ஜோசப் பாடுபட்டு, மனைவியையும் சில பிள்ளைகளையும் மீட்டார். பீட்டரை மீட்க முடியவில்லை. அவன் விடுதலையாக மேலும் இருபது வருடங்களுக்குமேல் ஆனது. சின்சினாட்டி நகரில் விருந்துச் சமையல் தொழில் செய்து பேர் வாங்கினார். அம்மா கொடுத்த கைப்பக்குவம்! பிறகு தேவாலயப் போதகரும் ஆனார்.

1900ல், 85 வயதை நெருங்கும்போது, பீட்டர் ஃபாசெட் மான்டிசெல்லோவுக்கு ஒருமுறை போனார். இம்முறை விருந்தாளியாக.